மெல்லிய மடிக்கணினி: எடையும் ஆற்றலும்

1981 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஆஸ்பார்ன்-1 என்னும் கணிப்பொறி, கையில் எடுத்துச் செல்லத்தக்கது எனப் பெயர் பெற்றிருந்தது. அதன் எடை சுமார் 11 கிலோகிராம். திரை 5 அங்குலம். உள்ளே பாட்டரி கிடையாது. தையல் யந்திரத்தைத் தூக்குவது போல அதைத் தூக்கிச் சென்று, போன இடத்தில் மின்சாரம் இருந்தால் உபயோகிக்கலாம். இன்று அலுவலகங்களில் வழங்கும் மெல்லிய மடிக்கணினியோ ஒன்றேகால் கிலோகிராமுக்கும் குறைந்த எடையில், சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் அடங்கிவிடுகிறது. இவ்வளவு சுமை எங்கே போயிற்று, அதற்கு ஈடாக எதை இழந்தோம் என்பது ஆராயத்தக்கது.

1991 இல் ஜப்பானின் சோனி நிறுவனம் லிதியம்-அயனி பாட்டரியை விற்பனைக்குக் கொணர்ந்ததே இவ்வரலாற்றின் முதற் பெரும் திருப்பம் எனலாம். அப்பாட்டரிக்கு அடிகோலிய குடினஃப், விட்டிங்ஹம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019 ஆம் ஆண்டின் ரசாயன நோபல் பரிசு அளிக்கப்பெற்றது. அடுத்த திருப்பம் 2008 ஜனவரியில் நிகழ்ந்தது. ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ், மாக்புக் ஏர் என்ற கணினியைக் காகித உறை ஒன்றிலிருந்து உருவி எடுத்து அவையோருக்குக் காட்டினார். அதன் எடை 1.36 கிலோகிராம். அவ்வளவு மெலிவதற்காக அதில் குறுந்தகட்டுப் பகுதி நீக்கப்பட்டது, பிணையக் கம்பி செருகும் துளை நீக்கப்பட்டது, யு.எஸ்.பி. துளை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதே ஆண்டில் லெனோவோ நிறுவனம் வெளியிட்ட திங்க்பேட் எக்ஸ்300 சற்றே தடித்தது. எனினும் குறுந்தகட்டுப் பகுதி, பிணையத் துளை, மூன்று யு.எஸ்.பி. துளைகள், கழற்றி மாற்றத்தக்க பாட்டரி யாவும் அதில் இருந்தன. விலையும் அதற்கேற்ப உயர்ந்திருந்தது. ஒரே கேள்விக்கு ஒரே ஆண்டில் கிடைத்த இரு விடைகள் இவை. முதல் விடையே ஊரெங்கும் பரவிற்று.

உஷ்ணத்தின் கணக்கு

மெல்லிய கணினியை அமைப்பவருக்குப் பெருந்தொல்லை தருவது எடையன்று, உஷ்ணமே ஆகும். செயலி உட்கொள்ளும் மின்சாரம் முழுவதும் இறுதியில் உஷ்ணமாக மாறியே தீரும். இம்மின்செலவு அழுத்தத்தின் இருமடியையும் துடிப்பின் வேகத்தையும் பொறுத்தது. ஆகவே அழுத்தத்தையும் வேகத்தையும் ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால், செலவு ஏறக்குறைய பாதியாகிவிடும். சிறிது வேகத்தை விட்டுக்கொடுத்துப் பெரும் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் இந்தப் பேரமே மெல்லிய கணினிகளின் உயிர்நாடி. பெரிய கணினிகளில் 45 வாட் கொள்ளும் செயலிக்குப் பதிலாக, இவற்றில் பெரும்பாலும் 15 அல்லது 28 வாட் கொள்ளும் செயலியே பொருத்தப்படுகிறது.

அந்த 15 வாட்டும் வெளியேற வழி வேண்டுமல்லவா? செயலியின்மேல் ஒட்டியிருக்கும் தட்டையான செப்புக் குழாயினுள் காற்று நீக்கப்பட்டுச் சிறிதளவு நீர் அடைக்கப்பட்டிருக்கும். சூடான முனையில் நீர் ஆவியாகும். குளிர்ந்த முனையில் மீண்டும் நீராகித் திரும்பும். அம்முனையில் ஒரு சிறு விசிறி காற்றை ஊதுகிறது. கணினி மெலிய மெலிய இவ்விசிறியின் உயரமும் குறைகிறது. குறைந்த உயரமுள்ள விசிறி அதே காற்றைத் தள்ள வேண்டுமாயின் வேகமாகச் சுழல வேண்டும், சுழன்றால் இரைச்சல். அமைதியான கூட்டத்தில் ஒரு கணினி சீறுவதைக் கேட்டவர்கள் காரணத்தை இப்பொழுது உணரலாம்.

செயலியை அரை நிமிட அளவுக்கு அதன் வரம்பைப் போல் இரு மடங்குக்கும் மேலாக இயங்கவிட்டு, பின்னர் வரம்புக்குள் இழுத்துக்கொள்வது இக்கணினிகளின் வழக்கம். உலோகம் சூடேறுவதற்குள் வேலை முடிந்துவிட்டால் பாதகமில்லை. கடிதம் எழுதுவோருக்கு இஃது உகந்தது; பெருங்கணக்குகளை மணிக்கணக்கில் ஓட்டுவோருக்கு அன்று. கடையில் ஓரிரு கணம் இயக்கிப் பார்த்து வாங்குபவர் காண்பது அந்த அரை நிமிடத்து வேகத்தையே.

இந்நாட்டின் தட்பவெப்பம் இக்கணக்கை மேலும் கடினமாக்குகிறது. ஒரு பரப்பிலிருந்து காற்றுக்கு உஷ்ணம் செல்லும் வேகம், இரண்டுக்கும் உள்ள உஷ்ண வேறுபாட்டைப் பொறுத்தது. கைபடும் உறை 45 செல்சியஸ் டிகிரிக்கு மேற்போகலாகாது எனக் கொள்வோம். குளிர்பதனம் செய்த அறையில் காற்று 25 டிகிரி, வேறுபாடு 20. மே மாதத்து நாகபுரியில், குளிர்பதனமற்ற அலுவலகத்தில் 38 டிகிரி. வேறுபாடு வெறும் 7. விசிறியில்லாத உறை வெளியேற்றக்கூடிய உஷ்ணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. செயலியும் அதற்கேற்ப ஒடுங்குகிறது. 2020 இல் ஆப்பிள் வெளியிட்ட எம்1 செயலி, விசிறியே இல்லாத கணினியிலும் வியக்கத்தக்க வேகம் காட்டிற்று என்பது உண்மை. ஆயினும் அதே செயலி விசிறியுள்ள கணினியில் நெடுநேரம் தளராது உழைத்தது என்பதும் உண்மையே.

பாட்டரியும் பயணமும்

பாட்டரியின் கொள்ளளவு வாட்-மணியில் கூறப்படுகிறது. 57 வாட்-மணி கொண்ட பாட்டரி, எழுத்து வேலையில் 6 வாட் செலவானால் ஒன்பதரை மணி நேரம் வரும். 28 வாட் செலவானால் இரண்டே மணி நேரம். விளம்பரத்தில் காணும் மணிக்கணக்கு பெரும்பாலும் திரையை மங்கலாக வைத்து அளக்கப்பட்டது. மின்கலம் ஒரு கிலோகிராமுக்குச் சுமார் 250 வாட்-மணி தாங்குவதால், அத்தகைய பாட்டரியின் கலங்கள் மட்டுமே ஏறக்குறைய கால் கிலோ. கொள்ளளவை இரட்டிப்பாக்கினால் எடை மீண்டும் கால் கிலோ ஏறும். விமானத்தில் சிறப்பு அனுமதியின்றிக் கொண்டு செல்லத்தக்க 100 வாட்-மணி வரம்பும் கடந்துவிடும். மின்னேற்றியின் எடையைப் பலர் கணக்கிடுவதே இல்லை. ஒரு கிலோ கணினிக்கு முந்நூறு கிராம் மின்னேற்றியைச் சுமப்பது வேடிக்கைதான்.

உறையின் கனத்தைப் பாதியாக்கினால் அதன் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். அலுமினியத்தினும் இலேசான மக்னீசியக் கலவையும் கார்பன் இழையும் நாடப்படுவது எடையைக் கூட்டாமல் போதிய கனம் கொடுப்பதற்காகவே. இவ்வகையில் மெலிவின் மோகம் எல்லை மீறியதும் உண்டு. 2015 இல் ஆப்பிள் புகுத்திய மிகத் தட்டையான விசைப்பலகை, தூசு புகுந்தால் பழுதாகிறது என்ற புகாருக்கு இலக்காகி, 2020 க்குள் கைவிடப்பட்டது. 2021 இல் அந்நிறுவனத்தின் மாக்புக் புரோ சற்றே தடித்து, முன்பு நீக்கிய துளைகளுடன் மீண்டும் வந்தது.

பழுதுபார்க்கும் வசதியே இப்பேரத்தில் அதிகம் பறிபோனது. மின்செலவு குறைந்த நினைவகம் செயலிக்கு மிக அருகில் இருக்க வேண்டியிருப்பதால், அது பலகையோடு பற்றவைக்கப்படுகிறது. ஐந்தாண்டு உழைக்க வேண்டிய கணினிக்கு மூன்றாம் ஆண்டில் நினைவகம் போதாவிடில், கணினியையே மாற்ற நேரிடும். அரசாங்கப் பணத்தில் நூற்றுக்கணக்கில் வாங்குமிடத்து இது சிறிய செய்தியன்று. 2023 டிசம்பரில் ஜெடெக் அமைப்பு இதற்கெனப் புதிய தரநிலை ஒன்றை வெளியிட்டது. அதன்படி அமைந்த தட்டையான நினைவகப் பலகையைத் திருகாணிகளைக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். 2024 முதல் சில கணினிகளில் அது இடம்பெற்றிருக்கிறது. ஆனால் அவை மிக மெல்லிய வகையைச் சேர்ந்தவையல்ல.