வாடகையும் கொடுத்து பாத்ரூமும் கழுவணுமா?

"அண்ணா, வாடகையும் கொடுத்துட்டு பாத்ரூமும் நான்தான் கழுவணுமா?" லண்டனுக்குப் படிக்க வரும் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்விகளில் இது ஒன்று. வீடு வைத்திருப்பவர்கள் கேட்பது வேறு மாதிரி இருக்கும்: "அவர் குளிக்கிற பாத்ரூமை நான் எதுக்குங்க கழுவணும்?" இரண்டிலுமே நியாயம் இருக்கிறது. அதனால்தான் சண்டை தீருவதில்லை.

ஹவுஸ் ஓனர் குடியிருக்கும் வீட்டிலேயே ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, அவருடைய சமையலறையையும் பாத்ரூமையும் சேர்ந்து புழங்குபவரை இங்கே லாட்ஜர் என்பார்கள். நம்ம ஊர் லாட்ஜ் என்ற சொல்லும் இதே குடும்பம்தான். லாட்ஜர் விஷயத்தில் துப்புரவு வேலையைப் பற்றி யாரைக் கேட்டாலும் 'ஒரு அட்டவணை போட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள், வாரம் ஒருத்தர் செய்யுங்கள்' என்பார்கள். நாலு பேர் சேர்ந்து வீடு எடுத்துத் தங்கும்போது அது சரி, ஏனென்றால் நாலு பேரும் சமம். லாட்ஜரும் ஓனரும் சமம் கிடையாது. அதை மறைத்துவிட்டுப் போடும் அட்டவணை மூன்று வாரம் தாங்கினால் அதிகம். இந்தச் சமமின்மை எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனபோது கிடைத்தவைதான் இந்தக் குறிப்புகள். எல்லாம் இங்கிலாந்துச் சட்டத்தை வைத்து எழுதியது. ஸ்காட்லாந்துக்கு வேறு சட்டம்.

முதல் ஆச்சரியம்: சட்டப்படி லாட்ஜரை லாட்ஜர் ஆக்குவதே துப்புரவுதான்!

பழைய காலத்து அறை விளம்பரங்களில் 'அட்டெண்டன்ஸ்' என்று ஒரு சொல் வரும். பள்ளிக்கூடத்து அட்டெண்டன்ஸ் இல்லை, பணிவிடை. வென்னீர் கொண்டு வருவது, கணப்புக்குக் கரி போடுவது, படுக்கை விரிப்பு மாற்றுவது, அறையைப் பெருக்குவது என எல்லாம் அதில் அடக்கம். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளில் வரும் திருமதி ஹட்சனை நினைத்துக்கொள்ளுங்கள். ஹோம்ஸ் விளக்குமாறு பிடித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. இப்படிப் பணிவிடை செய்ய ஓனரோ வேலையாளோ எப்போது வேண்டுமானாலும் அறைக்குள் வரவேண்டியிருக்கும். அப்படி வர முடிந்தால் அந்த அறை முழுக்க உன்னுடையது இல்லை. முழுக்க உன்னுடையது இல்லையென்றால் நீ வாடகைதாரர் இல்லை, லாட்ஜர். தர்க்கம் இவ்வளவுதான்.

1985-ல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த ஸ்ட்ரீட் எதிர் மௌண்ட்ஃபோர்ட் வழக்கில் டெம்பிள்மன் பிரபு இதைத்தான் அளவுகோலாக வைத்தார். வாரம் 37 பவுண்ட் வாடகை. 'இது வெறும் அனுமதிச் சீட்டு, வாடகை ஒப்பந்தம் இல்லை' என்று காகிதத்தில் எழுதி, குடியிருப்பவரிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். காகிதத்தில் என்ன பெயர் வைத்தாலும் செல்லாது, அந்த இடத்தைத் தனக்கே என்று வைத்துக்கொள்ளும் உரிமை இருந்ததா என்பதுதான் கேள்வி என்று தீர்ப்பு வந்தது. ஓனர் பணிவிடை செய்வதற்காகத் தடையில்லாமல் உள்ளே வந்து போனால் லாட்ஜர், இல்லையென்றால் வாடகைதாரர்.

ஓனர்கள் சும்மா இருப்பார்களா? 'அறையைச் சுத்தம் செய்து தருவோம்' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக்கொண்டு, விளக்குமாற்றைத் தொடாமலே இருந்தவர்கள் உண்டு. அஸ்லான் எதிர் மர்ஃபி என்ற வழக்கு அந்த ரகம். நாலேகால் அடிக்குப் பன்னிரண்டரை அடி அளவில் ஒரு நிலவறை. தினமும் காலை பத்தரை முதல் பன்னிரண்டு வரை அங்கே தங்கியிருப்பவருக்கு அதில் உரிமை கிடையாது என்று ஒப்பந்தம். பணிவிடை என்று சொல்லிக்கொள்ள எதுவும் நடக்கவே இல்லை. மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை நாடகம் என்று சொல்லி, தங்கியிருந்தவரை வாடகைதாரர் என்றே ஏற்றுக்கொண்டது. அதாவது, 'நீங்க நிஜமாவே பெருக்கினீங்களா?' என்பது ஒரு சட்டக் கேள்வி!

இது அறையைப் பற்றிய சட்டம். காலி செய்யச் சொல்வதற்கு வேறு சட்டம் இருக்கிறது, அதில்தான் நம் பிள்ளைகள் மாட்டுகிறார்கள். 1977-ஆம் ஆண்டின் வெளியேற்றப் பாதுகாப்புச் சட்டத்தில், 1988-ல் ஒரு பிரிவைச் செருகினார்கள். அந்த வீட்டையே தன் முதன்மை வீடாகக் கொண்ட ஓனரோடு வீட்டின் ஒரு பகுதியைப் பகிர்ந்துகொண்டால், உங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. படிக்கட்டு, நடைவழி, சாமான் வைக்கும் இடம் இவற்றைப் பகிர்வது கணக்கில் வராது. சமையலறையையோ பாத்ரூமையோ பகிர்ந்தால் போச்சு. உங்களைக் காலி செய்யச் சொல்ல நீதிமன்ற உத்தரவு வேண்டாம், எழுத்தில் நோட்டீஸ்கூட வேண்டாம். 'நியாயமான' அவகாசம் கொடுத்தால் போதும். வாரவாடகை என்றால் வழக்கமாக ஒரு வாரம், மாதவாடகை என்றால் ஒரு மாதம். அவகாசம் முடிந்தால் பூட்டை மாற்றிக்கொள்ளலாம். 2025-ல் வாடகைதாரர்களுக்காகப் பெரிதாக ஒரு சட்டம் வந்ததே, அதுவும் ஓனரோடு குடியிருக்கும் லாட்ஜர்களைத் தொடவில்லை.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். அந்தக் காலத்து லாட்ஜர் தன் அறைக்கதவின் உரிமையை விட்டுக்கொடுத்தார், பதிலுக்குப் பணிவிடை கிடைத்தது. இன்றைய லாட்ஜருக்குக் கதவின் உரிமையும் இல்லை, பணிவிடையும் இல்லை, துடைப்பம் மட்டும் கையில் இருக்கிறது. எந்தச் சமையலறையை யார் துடைப்பது என்று சண்டை வருகிறதோ, அதே சமையலறையைப் பகிர்வதால்தான் ஒரு வாரத்தில் வெளியே போ என்று சொல்ல முடிகிறது. எனக்குத் தெரிந்த ஒரு மாணவர் அடுப்பில் தாளித்த எண்ணெயைத் துடைக்காமல் கல்லூரிக்குப் போனார். மூன்றாவது தடவை அது நடந்தபோது ஓனர் ஒரு வாரம் கொடுத்தார். பரீட்சை அந்த வாரத்தில்தான் இருந்தது. ஓனர் செய்தது சட்டப்படி சரி. எண்ணெய் சிந்தியது பற்றி ஓனர் சொன்னதும் சரி. ஆனால் குற்றத்துக்கும் தண்டனைக்கும் இருந்த தூரத்தைப் பாருங்கள்.

லாட்ஜர்கள் மூன்று பேரோ அதற்கு மேலோ ஆகிவிட்டால் கதை மாறுகிறது. பலர் குடியிருக்கும் வீடு என்று அது வேறு விதிகளுக்குள் போய்விடும். 2006-ஆம் ஆண்டு விதிகளின்படி பொது இடங்களைச் சுத்தமாக வைத்திருப்பது வீட்டை நிர்வகிப்பவரின் கடமை. 'நீங்களே பார்த்துக்கங்க' என்று அவர் கை கழுவ முடியாது. ஓனருக்கு ஒரு வரிச் செய்தியும் உண்டு: அறை வாடகை வருடத்துக்கு 7,500 பவுண்ட் வரை வரியில்லாத சலுகையில், துப்புரவுக்கு, துணி துவைக்க என்று தனியாக வாங்கும் பணமும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

சரி, சட்டம் போகட்டும். நிஜத்தில் சண்டை எதில் வருகிறது? ஈஸ்ட்ஹாமில் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்தோடு நான் லாட்ஜராக இருந்த வருடத்தில் பார்த்தவரை, தரையில். நம்ம ஊர் பாத்ரூமில் தண்ணீர் போக ஓட்டை இருக்கும், கழுவிவிட்டால் முடிந்தது. இங்கே தரையில் ஓட்டை கிடையாது. குளியல்தொட்டிக்கு வெளியே சிந்தும் தண்ணீர் பலகைக்குள் இறங்கி, கீழ்வீட்டுக் கூரையில் கறையாக வரும். அந்த அன்ரி முதல் நாளே சொல்லிவிட்டார்: "தம்பி, குளிச்சு முடிஞ்சா நிலத்தைத் துடைச்சு விடுங்கோ, காத்தாடியையும் போட்டு விடுங்கோ." குசினியைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொன்னார், மஞ்சளைப் பற்றி. வெள்ளைக் கல்லில் மஞ்சள் பட்டால் அப்போதே துடைக்க வேண்டும். பிறகு வெயிலில்தான் மங்கும், இந்த ஊரில் வெயிலுக்கு எங்கே போக? இவ்வளவு தெளிவாக முதல் நாள் சொல்லும் ஓனர் அபூர்வம். பெரும்பாலானவர்கள் மனசுக்குள் வைத்துப் புழுங்கி, மூன்றாம் மாதம் வெடிப்பார்கள்.

லண்டன் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். குழாயிலும் கண்ணாடியிலும் படியும் வெள்ளைப் படிவத்தை வினிகர் எடுத்துவிடும். ஆனால் சுண்ணாம்பு நீக்கியும் அமிலம், வினிகரும் அமிலம். அவற்றோடு ப்ளீச் கலந்தால் குளோரின் வாயு வரும். 'ரெண்டையும் ஊத்தினா நல்லா போகும்' என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு கழுவாதீர்கள்.

கக்கூஸைப் பற்றித்தான் யாரும் எழுதுவதில்லை. பட்டியலில் 'பாத்ரூம் கிளீனிங்' என்று இருக்கும். ஓனர் அதில் கக்கூஸையும் சேர்த்துப் படிப்பார், பையன் கண்ணாடியையும் வாஷ்பேசினையும் துடைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பான். சோம்பேறித்தனம் மட்டும் காரணமில்லை. அம்மாவோ, சம்பளத்துக்கு வரும் ஒரு பெண்ணோ கழுவிய வீட்டில் வளர்ந்தவன் அவன். அந்த வேலைக்கென்றே சில சாதிகளை ஒதுக்கிவைத்த ஊரிலிருந்து வந்தவன் அதைத் தன் வேலையாகவே எண்ணிப் பார்த்திருக்க மாட்டான். அதனால் கக்கூஸ் என்று தனியாக எழுதுங்கள். கூச்சம் ஒரு நிமிஷம்தான்.

அடுத்தது கணக்கு. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு லாட்ஜர் இருக்கும் வீட்டில் 'ஒரு வாரம் நாங்க, ஒரு வாரம் நீ' என்பது கேட்க நியாயமாக இருக்கும். வருடத்தில் 52 வாரம், லாட்ஜர் தலையில் 26. ஆனால் வீட்டில் அவர் ஐந்தில் ஒரு பங்குதான். தலைக்கணக்குப்படி பத்து வாரம், மிஞ்சினால் பதினொன்று. அவர் கால் வைக்காத ஹாலையும் பட்டியலில் சேர்த்திருந்தால் கணக்கு இன்னும் மோசம். ஐந்து பேருக்கு ஒரு முறை என்று சுற்று வைத்தால் பேச்சே வராது.

என்னைக் கேட்டால் சுற்றுகூட இரண்டாம்பட்சம்தான். தடத்தை வைத்துப் பிரிப்பது மேல். நீ சமைத்த அடுப்பு, நீ நனைத்த தரை, நீ விட்ட முடி எல்லாம் அன்றைக்கே உன் பொறுப்பு. அதற்கு வாரமும் வேண்டாம், அட்டவணையும் வேண்டாம். அடுப்புக்கு மேல் இருக்கும் வடிகட்டி, அவன், ஃப்ரிட்ஜின் பின்பக்கம், ஜன்னல், கார்பெட் ஆகியவை வீட்டின் வேலை, ஓனருடையது. நீங்கள் போன பிறகும் அவை அவருடைய சொத்தாகவே இருக்கும். அதே காரணத்தால் ஹூவரும் சோப்பும் அவர் வாங்குவதுதான் முறை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வாராந்தரக் கழுவலுக்கு மட்டும் சுற்று போதும். முடிந்தால் ஆள் வைத்து, அந்தச் செலவை வாடகையிலேயே சேர்த்துச் சொல்லிவிடலாம். ஐந்து பவுண்டு கூடினாலும் பரவாயில்லை என்பேன்.

அறையைச் சுத்தம் பண்ண வருகிறேன் என்று ஓனர் உள்ளே வருவாரா, எந்தக் கிழமை வருவார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பெண் பிள்ளைகள் கட்டாயம் கேட்க வேண்டும். டெபாசிட் கொடுத்தால், குடிவரும் நாளிலேயே அவன், பாத்ரூம், மெத்தை மூன்றையும் படம் எடுத்து ஓனருக்கே அனுப்பிவிடுங்கள். வாடகைதாரர்களின் டெபாசிட்டுக்கு இருக்கும் பாதுகாப்புத் திட்டம் லாட்ஜருக்குக் கட்டாயமில்லை. 'கிளீனிங் செலவு' என்று பிடித்துக்கொண்டால் சிறு தொகை வழக்குக்குத்தான் போக வேண்டும், அங்கே படம்தான் பேசும்.

துப்புரவு பற்றி எழுதும் அதே தாளில் இன்னொரு வரியும் சேர்க்கச் சொல்லுங்கள்: காலி செய்ய இருபக்கமும் 28 நாள் அவகாசம். சட்டம் தராத அவகாசத்தை ஒப்பந்தம் தரலாம். ஓனருக்கும் அது லாபம், நீங்கள் திடீரென்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. தனியாக ஒப்பந்தம் போட அவர் யோசித்தால், பேசியதை அன்று இரவே வாட்ஸப்பில் எழுதி அனுப்பி, "சரி" என்று ஒரு பதில் வாங்கிக்கொள்ளுங்கள். தமிழில் எழுதினாலும் பரவாயில்லை, தேவைப்பட்டால் பிறகு மொழிபெயர்த்துக்கொள்ளலாம்.