கொரிய நாட்டுக் குழம்புச் சட்டி



வீட்டுப் பிள்ளைகள் கொரிய நாடகம் பார்க்கும்போது, மேசை நடுவே ஒரு மண்சட்டியில் சிவப்பாக ஏதோ கொதிப்பதைத் தாய்மார்கள் கண்டிருப்பீர்கள். அது என்ன, நம் அடுப்புக்கு அது எவ்வளவு நெருக்கம் என்பதை இன்று பார்ப்போம்.

அதன் பெயர் கிம்ச்சி ஜிகே. ஜிகே என்றால் குழம்பு. கொரியாவில் கடுங்குளிர் மாதங்களில் வயலில் காய்கறி விளையாது. ஆகவே குளிர் தொடங்குமுன் அண்டை அயலார் ஒன்றுகூடி, நீண்ட சீன முட்டைக்கோசை உப்பிட்டு, மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி, உப்பிட்ட இறால் சேர்த்து ஊறவைப்பார்கள். அந்நாளில் பானைகளில் அடைத்து மண்ணில் புதைத்தார்கள். இதுதான் கிம்ச்சி. தென்கொரியாவின் இந்தக் கூட்டு வேலையை 2013-ஆம் ஆண்டு யுனெஸ்கோ பண்பாட்டு மரபாகப் பதிவு செய்தது.

கிம்ச்சியைப் புளிக்க வைப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். நம் இட்லி மாவைப் பொங்க வைக்கும் இனம் அதிலும் உண்டு. நாள் ஆக ஆகக் கிம்ச்சி மிகவும் புளித்துவிடும். அதை அவர்கள் கொட்டிவிடுவதில்லை. புளித்த மோரை நாம் மோர்க்குழம்பு ஆக்குவதுபோல, அதை எண்ணெயில் வதக்கிக் குழம்பாக்குகிறார்கள். அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றுவோரும் உண்டு. கடைசியில் தௌஹுத் துண்டுகளைப் போடுகிறார்கள்.

கிம்ச்சி சுவை தருகிறது. தௌஹு வலு தருகிறது. சோயா மொச்சையை ஊறவைத்து அரைத்து, வடிகட்டிக் காய்ச்சி, பாலைத் திரிய வைப்பதுபோல் திரிய வைத்துப் பிழிந்த கட்டியே தௌஹு. பிழியாத மென்மையான வகையை ஈப்போவில் சர்க்கரைப் பாகு ஊற்றி, தௌ ஃபூ ஃபா என்று உண்கிறோம். அதுபோன்ற மென்மையானதையே கொரியர்கள் காரக் குழம்பிலிட்டு, சுண்டுபு ஜிகே என்கிறார்கள்.

விடியுமுன் பால்வெட்டப் போன தோட்டத்து வீடுகளில் சோறும் குழம்பும் கருவாடும்தான் பெரும்பாலும் உணவு. தோட்டத்தை விட்டுப் பட்டணம் வந்த பிறகும் பல வீடுகளில் தட்டில் சோறு நிறைந்திருக்கிறது, சத்து குறைந்திருக்கிறது. வளரும் பிள்ளைக்குப் புரதம் வேண்டும். கோழியும் மீனும் தினமும் வாங்க முடியாத வீட்டுக்குத் தௌஹு நல்ல துணை. 100 கிராம் கெட்டித் தௌஹுவில் சுமார் 8 முதல் 15 கிராம் வரை புரதம் உண்டு.

இதற்குக் கிம்ச்சி வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. நம் புளிக்குழம்பு கொதித்து இறங்கும் நேரத்தில் தௌஹுவைப் போட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். புளியும் காரமும் அதில் இறங்கிவிடும். மீந்த தௌஹுவைத் தண்ணீரில் மூழ்க வைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். தினமும் தண்ணீரை மாற்றுங்கள். வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

கிம்ச்சி வாங்குவோர் இரண்டை நினைவில் வையுங்கள். அதில் உப்பு அதிகம்; இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அளவோடு உண்ண வேண்டும். பெரும்பாலும் மீன் அல்லது இறால் சேர்ந்திருக்கும். சைவ உணவினர் பொட்டலத்தைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

கொரியத் தாய் புளித்துப்போனதையும் வீணாக்காமல், சத்துள்ள ஒன்றைச் சேர்த்துக் குடும்பத்துக்கு முழு உணவாக்கினாள். நம் குழம்புச் சட்டியிலும் அதற்கு இடமுண்டு.