மலைக் காற்றின் ஈரமும் தாவி ஓடும் கல்யாண வட்டும்

தாலி கட்டும் நேரத்தில் படம் நின்றுவிடும். நாதஸ்வரம் ஒரே சுரத்தில் திக்கும். மணமக்களின் முகம் சின்னச் சின்னச் சதுரங்களாக உடையும். அடுத்த நொடி பார்த்தால் பந்தியில் சாப்பாடு நடந்து கொண்டிருக்கும்! வீட்டுக் கணினியிலோ ஊர்க் கடையிலோ பதிந்த பழைய விசிடி, டிவிடி வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய தொல்லை.

கேமரன் மலையில் இந்தத் தொல்லைக்குக் கூடுதலாக ஒரு காரணம் உண்டு. 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய நாளிலிருந்து தலைமுறை தலைமுறையாகத் தமிழர் உழைத்த மலை இது. தோட்டத்துக் கோயில் திருவிழா, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், இன்று நம்மோடு இல்லாத தாத்தா பாட்டியின் முகம், குரல் என்று பலவும் பல வீடுகளில் இந்த வட்டுகளில் மட்டுமே இருக்கின்றன. அவை ஏன் தாவுகின்றன, எப்படிக் காப்பாற்றுவது என்று பார்ப்போம்.

குளிர் நட்பு, ஈரம் பகை

வட்டுகளைப் பாதுகாப்பது பற்றி அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்பக் கழகம் 2003-இல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. நெடுநாள் சேமிப்புக்கு 4 முதல் 20 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 20 முதல் 50 விழுக்காடு ஈரப்பதமும் ஏற்றவை என்கிறது அது. சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கும் தானா ராத்தாவின் சராசரி வெப்பம் ஏறக்குறைய 18 டிகிரி. குளிர்சாதனப் பெட்டி இல்லாமலேயே வட்டுக்குப் பிடித்த குளிர்! ஆனால் காற்றின் ஈரப்பதமோ 90 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. வெப்பத்தில் கிடைத்த நன்மையை ஈரம் பறித்துவிடுகிறது.

வட்டுக்குள் என்ன இருக்கிறது?

கடையில் விற்கும் திரைப்பட வட்டில் தகவல்கள் நுண்ணிய குழிகளாக அச்சடிக்கப்பட்டிருக்கும். நாம் பதியும் சிடி-ஆர், டிவிடி-ஆர் வட்டில் குழி கிடையாது. அதில் ஒரு மெல்லிய சாயப் படலம் இருக்கிறது. பதியும்போது லேசர் ஒளி அந்தச் சாயத்தைச் சுட்டுப் புள்ளி வைக்கிறது. சாயத்தின் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் உலோகப் படலம் உண்டு. இந்த இரண்டில் எது கெட்டாலும் படம் கெடும்.

சிடியில் இந்தப் படலங்கள் பெயர் எழுதும் பக்கத்துக்கு அடியிலேயே, ஒரு மெல்லிய அரக்குப் பூச்சை மட்டும் நம்பி இருக்கின்றன. ஆகவே பளபளக்கும் அடிப்பக்கத்தைவிட மேல்பக்கத்தில் விழும் கீறலே ஆபத்தானது. டிவிடியில் 0.6 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரண்டு தகடுகளுக்கு நடுவே படலங்களை வைத்து ஒட்டியிருப்பார்கள். ஒட்டு விட்டால் விளிம்பு வழியே ஈரம் உள்ளே போகும்.

சிறு சிறு பிழைகளைப் பிளேயரே திருத்திக்கொள்ளும். ரீட், சாலமன் என்ற இரு கணித அறிஞர்கள் 1960-இல் கண்டுபிடித்த முறை அதற்கு உதவுகிறது. தகவலைக் கலைத்து, உபரி எண்களையும் சேர்த்து எழுதுவதால், சிடியின் தடத்தில் சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளத்துக்குத் தகவல் அழிந்தாலும் மீட்டுவிடலாம்.

கோப்புகளைப் பதியும் சிடியில் இதற்கு மேல் இன்னொரு பாதுகாப்பு அடுக்கும் உண்டு. அதன் ஒவ்வொரு துண்டிலும் 2,048 பைட் தகவல் இருக்கும். பிழைதிருத்தத்துக்கென்று தனியாக 276 பைட் ஒதுக்கப்பட்டிருக்கும். விசிடியிலோ அந்த 276 பைட்டிலும் படத்தையே நிரப்பி 2,324 பைட் ஆக்கிவிட்டார்கள். 700 மெகாபைட் சிடியில் சுமார் 800 மெகாபைட் விசிடி படம் பிடிப்பது இதனால்தான். அதற்குக் கொடுத்த விலை, சின்னக் கீறலுக்கும் படம் உடைவது.

குற்றவாளி யார்?

வட்டைத் தேய்ப்பதற்கு முன் கோளாறு எங்கே என்று கண்டுபிடியுங்கள்.

ஒரே இடத்தில் ஒவ்வொரு முறையும் தாவுகிறதா? கோளாறு வட்டில்.

ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் தாவுகிறதா? எந்த வட்டைப் போட்டாலும் தாவுகிறதா? பிளேயரின் லென்சில் தூசி இருக்கலாம், லேசர் வலுவிழந்திருக்கலாம்.

கடையில் வாங்கிய வட்டு நன்றாக ஓடி, வீட்டில் பதிந்தது மட்டும் தாவுகிறதா? பதிந்த விதத்தையோ வட்டின் வகையையோ சந்தேகியுங்கள். அழித்து எழுதும் ஆர்டபிள்யூ வட்டுகள் ஒளியைக் குறைவாகவே திருப்பி அனுப்பும். பழைய பிளேயர்கள் பல அவற்றைப் படிக்கத் திணறும்.

படத்தின் முடிவை நெருங்கும்போது மட்டும் தாவுகிறதா? வட்டைப் பிளேயர் நடுவிலிருந்து வெளியே படித்துக்கொண்டு போகும். ஆகவே கோளாறு வெளி விளிம்பில். விரல் ரேகை, வளைவு, மேலே ஒட்டிய காகித லேபிள் ஆகியவை வழக்கமான காரணங்கள். காகிதம் ஈரத்தை உறிஞ்சி வட்டை வளைக்கும். டிவிடியைச் சமநிலை இழந்து ஆடவும் வைக்கும்.

கணினியில் நன்றாக ஓடி, பிளேயரில் மட்டும் திக்குகிறதா? நொடிக்கு நொடி அதிகத் தகவல் திணித்துப் பதிந்திருக்கலாம். 4.7 கிகாபைட் டிவிடியில் 2 மணி நேரப் படம் என்றால் நொடிக்குச் சுமார் 5 மெகாபிட். அந்த அளவைப் பெரும்பாலான பிளேயர்கள் தாங்கும். டிவிடியின் உச்சவரம்பான 10 மெகாபிட்டை ஒட்டிப் பதிந்தால், வீட்டில் பதிந்த வட்டைப் படிக்கும் பிளேயர் மூச்சு வாங்கும்.

துடைப்பதில் ஒரு கணக்கு

மென்மையான, சுத்தமான பருத்தித் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். தட்டு துடைப்பதுபோல் வட்டமாகத் துடைக்கக் கூடாது. தகவல் தடம் வட்டமாக ஓடுகிறது. தடத்தின் குறுக்கே விழும் கீறல் ஓரிடத்தில் கொஞ்சம் தகவலைத்தான் மறைக்கும். தடத்தோடு சேர்ந்து ஓடும் கீறல் அடுத்தடுத்த தகவலை மொத்தமாக மறைத்துவிடும். அப்போது பிழைதிருத்தமும் கைகொடுக்காது.

பற்பசை தேய்த்தால் சரியாகும் என்பார்கள். அது ஒரு மெல்லிய உரசுபொருள். ஒரு கீறலை மழுக்கி, பத்துப் புதிய கீறல்களைத் தரலாம். நகல் எடுக்கும் முயற்சி எல்லாம் தோற்ற பிறகு வேண்டுமானால் அதைப் பாருங்கள்.

வட்டைத் தின்னும் பூஞ்சை

வட்டின் விளிம்பில் கிளை கிளையாக மங்கல் கோடுகள் தெரிந்தால் கவனம். வெப்பமும் ஈரமும் மிகுந்த மத்திய அமெரிக்க நாடான பெலீசில் கெட்டுப்போன ஒரு சிடியை ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் சோதித்து, 2001-இல் முடிவை வெளியிட்டார்கள். ஜியோட்ரிக்கம் வகைப் பூஞ்சை ஒன்று விளிம்பு வழியே புகுந்து பிளாஸ்டிக்கையும் அலுமினியப் படலத்தையும் அரித்திருந்தது. இது அபூர்வமான நிகழ்வு. ஆனால் அழுக்கும் ஈரமும் சேரும் இடத்தில் வட்டின் மேற்பரப்பில் பூசணம் பிடிப்பது சாதாரணம். அதைத் துடைத்துவிடலாம். சிடியை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: ஊசித் துளைபோல் வெளிச்சம் தெரிந்தால் அங்கே உலோகப் படலம் போய்விட்டது. அதைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது.

மலையிறங்கும் பிளேயர்

மலையில் நன்றாக ஓடிய பிளேயரைத் தாப்பாவுக்கோ ஈப்போவுக்கோ கொண்டு போனதும் படம் வரவில்லையா? கண்ணாடி அணிந்தவர்கள் குளிரூட்டிய காரிலிருந்து வெளியே இறங்கியதும் கண்ணாடி மங்குவதைப் பார்த்திருப்பார்கள். அதேதான் இங்கும். குளிர்ந்த லென்சின் மேல் சமவெளியின் சூடான ஈரக்காற்று பட்டதும் நீர்த்துளி படிகிறது. வட்டைப் போடாமல் பிளேயரை மட்டும் ஓரிரு மணி நேரம் மின்சாரத்தில் வைத்திருந்தால் தானாகக் காய்ந்துவிடும்.

முதலில் நகல், பிறகு பார்வை

தாவும் வட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதால் பயனில்லை. சாயம் ஒருமுறை மங்கினால் மங்கியதுதான். இன்று திக்கிப் படிக்கும் வட்டு அடுத்த ஆண்டு படிக்காமலே போகலாம். ஆகவே இப்போதே நகல் எடுங்கள்.

கணினியில் விசிடியைத் திறந்தால் எம்பெக்-ஏவி என்ற கோப்புறையில் 'டாட்' கோப்புகள் இருக்கும். டிவிடியில் வீடியோ-டிஎஸ் கோப்புறையில் 'வாப்' கோப்புகள் இருக்கும். அவற்றை அப்படியே கணினிக்கு நகலெடுங்கள். விஎல்சி போன்ற இலவசச் செயலியில் அவை ஓடும். நகல் பாதியில் நின்றால் வேறொரு கணினியின் டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் படிக்க மறுத்ததை இன்னொன்று படிப்பது அடிக்கடி நடக்கும். ஐசோபஸ்டர் போன்ற மீட்புச் செயலிகள் கெட்ட இடத்தை மறுபடியும் மறுபடியும் படித்துப் பார்த்து, முடியாவிட்டால் அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்துத் தரும். தாலி கட்டும் காட்சியில் இரண்டு நொடி போனாலும் கல்யாணம் தப்பிக்கும்.

நகலை இரண்டு இடத்தில் வையுங்கள்: ஒன்று வீட்டில், மற்றொன்று சமவெளியில் இருக்கும் பிள்ளைகளிடம். மூல வட்டையும் எறிய வேண்டாம். காய்ந்த தேயிலை ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்று காற்றுப்புகாத டின்னில் அடைப்பது மலைவாசிகளுக்குத் தெரியாததல்ல. வட்டுக்கும் அதே வைத்தியம்தான். உறையில் போட்டு, இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு நிறுத்தி வையுங்கள். குளிரை மலை பார்த்துக்கொள்ளும். ஈரத்தை மட்டும் நீங்கள் பார்த்துக்கொண்டால் போதும்.