பாம்பு கடித்தால் மந்திரமா, மருத்துவமா?



தோட்டப்புறத்தில் வாழும் நமக்குப் பாம்பு புதியதன்று. கடித்தபின் என்ன செய்வது என்பதில்தான் இன்னும் குழப்பம். "மந்திரித்தார்கள், பிழைத்துக்கொண்டான்" என்று சொல்வோர் பல தோட்டங்களில் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால், அவன் பிழைத்ததற்குக் காரணம் வேறு. அதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

பெர்லிஸ், கெடா, பினாங்கு போன்ற வட மாநிலங்களின் ரப்பர் தோட்டங்களில் பலரைக் கடித்திருப்பது, மலாய் மொழியில் 'ஊலார் காப்பாக் போடோ' எனப்படும் விரியன் பாம்பு. பழுப்பு நிறம், முதுகின் இருபுறமும் கரும் முக்கோணங்கள். சருகுக்குள் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆள் வரும் அரவம் கேட்டாலும் விலகி ஓடாது. இருட்டோடு பால் வெட்டப் போகிறவர் கால்பட்டதும் கடித்துவிடும்.

பினாங்குப் பொது மருத்துவமனையில் 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் பணிபுரிந்த டாக்டர் அலிஸ்டர் ரீட், இந்த விரியன் கடித்த நூற்றுக்கணக்கானோரை ஆராய்ந்தார். அவர்களில் பாதிப் பேருக்கு மேல் நஞ்சின் பாதிப்பு மிகக் குறைவு, அல்லது அறவே இல்லை. பாம்பு கடிக்கும்போதெல்லாம் நிறைய நஞ்சை இறக்குவதில்லை என்பதே காரணம். மந்திரித்தாலும் பிழைப்பார்கள், மந்திரிக்காவிட்டாலும் பிழைப்பார்கள்.

மற்றப் பாதிப் பேரின் கதி என்ன? இந்த நஞ்சு இரத்தம் உறைவதைத் தடுக்கிறது. கடிவாய், ஈறு, சிறுநீர் வழியே இரத்தம் கசியும்; கால் வீங்கும்; சதை அழுகும். யார் எந்தப் பாதி என்பது கடித்தவுடன் தெரியாது. மருத்துவமனையில் சிறிது இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்ப்பதுண்டு. உறையாவிட்டால் நஞ்சு ஏறியிருக்கிறது என்று பொருள். உறைந்தாலும் உடனே வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். மீண்டும் மீண்டும் பார்ப்பார்கள். மாற்று மருந்து அந்தந்தப் பாம்பின் நஞ்சுக்கு ஏற்றதாக இருக்கவேண்டும். நமது விரியனுக்கான மருந்து தாய்லாந்துச் செஞ்சிலுவைச் சங்கத்தில் தயாராகிறது. லயத்தில் எந்தப் பச்சிலையும் அதற்கு ஈடாகாது.

இனி, செய்யவேண்டியவை. கடிபட்டவரை அசையாமல் படுக்க வையுங்கள். வளையல், மோதிரம், மெட்டி, காலணியை உடனே கழற்றுங்கள். வீங்கியபின் கழற்ற முடியாது. முறிந்த காலுக்குக் கட்டுவதுபோல் மட்டை வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள், அல்லது 999க்கு அழையுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

செய்யக்கூடாதவை: கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள், இரத்த ஓட்டம் நின்று காலையே இழக்க நேரிடலாம். கத்தியால் கீறாதீர்கள், உறையாத இரத்தம் நிற்காமல் ஓடும். வாயால் உறிஞ்சாதீர்கள். பாம்பைத் தேடிப் பிடிக்கப் போய் இன்னொருவர் கடிபட வேண்டாம்.

ரப்பர் இருந்த இடங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. எலி பெருகும் இடத்துக்கு நாகமும் வரும். ரப்பர் நிரையில் காலுக்குத்தான் ஆபத்து. உதிரிப்பழம் பொறுக்கும்போது கைக்கும் ஆபத்து. மட்டைக் குவியலுக்குள் வெறுங்கையை விடாதீர்கள். முதலில் கோலால் தட்டுங்கள். நம் நாட்டு நாகம் கண்ணில் நஞ்சைத் துப்பவும் செய்யும். பட்டால் கசக்காமல், நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி மருத்துவரிடம் செல்லுங்கள். இருட்டில் போவோருக்கு விளக்கும் நீண்ட பூட்சும் அவசியம்.

உலகச் சுகாதார நிறுவனம் 2017இல் பாம்புக்கடியைக் கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. வயலிலும் தோட்டத்திலும் உழைப்பவர்களே அதற்கு அதிகம் பலியாகிறார்கள். சாமியை வேண்டிக்கொள்வது உங்கள் விருப்பம். அதை மருத்துவமனைக்குப் போகும் வழியில் வண்டியில் அமர்ந்தபடியே செய்யலாம்.