நேரெதிரே நிற்பவர் காது

மாசியும் பங்குனியும் வந்துவிட்டால் புதுக்கோட்டைப் பக்கம் மாரியம்மன் கோயில்களில் திருவிழாக் காலம். இரவானால் திடலில் மெல்லிசைக் கச்சேரி. கிதாரின் ஆம்ப்ளிஃபயர் பெட்டியைக் கூட்டத்தைப் பார்த்து நேராக வைத்திருந்தால், கிதார் தனித்து ஒலிக்கும் நேரத்தில் ஒரு வேடிக்கையைக் காணலாம். பெட்டிக்கு நேரெதிரே உட்கார்ந்திருப்பவர்கள் காது கூசி முகம் சுளிப்பார்கள். அதே வரிசையில் சற்றுத் தள்ளி ஓரத்தில் இருப்பவர்களோ, கிதார் மந்தமாகக் கேட்கிறது என்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

தந்திக்கும் பேச ஓர் உடம்பு வேண்டும். மெல்லிய தந்தி தனியாக அதிர்ந்தால் அசைக்கக்கூடிய காற்று மிகக் குறைவு. வீணைக்குக் குடம் இருப்பது அதனால்தான். இந்த மாவட்டத்துக்குத் தந்தி இசை புதிதல்ல. குடுமியான்மலைப் பாறையில், ஏழாம் நூற்றாண்டு எழுத்தில், தந்திக் கருவிக்கான சுர வரிசைகள் வெட்டப்பட்டுள்ளன. பரிவாதினி என்ற வீணையின் பெயர் அங்கும் திருமயத்திலும் கல்லில் இருக்கிறது. மின் கிதாரில் குடத்தின் வேலையை ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு செய்கிறது. ஆகவே ஸ்பீக்கர் வாத்தியத்தின் ஓர் உறுப்பே. காதைக் கூசச் செய்யும் கீச்சொலியின் காரணத்தையும் அந்தக் கூம்பின் அளவில்தான் தேட வேண்டும்.

நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் ஓடும். கிதாரின் தடித்த தந்தியை மீட்டினால் நொடிக்கு 82 அதிர்வு. அந்த அலையின் நீளம் 4 மீட்டருக்கும் மேல். அதே கிதார் ஒலியில் கலந்திருக்கும் 4,000 அதிர்வுள்ள கூர்மையான பகுதியின் அலை நீளமோ 9 சென்டிமீட்டர்கூட இல்லை. வழக்கமான 12 அங்குல ஸ்பீக்கரில் அசையும் கூம்பின் குறுக்களவு சுமார் 26 சென்டிமீட்டர்.

அலை கூம்பைவிடப் பெரிதாக இருக்கும்வரை ஒலி எல்லாப் பக்கமும் பரவும். அலை சிறுத்தால் கதை மாறும். நேரெதிரே நிற்பவருக்குக் கூம்பின் எல்லா இடங்களிலிருந்தும் கிளம்பும் ஒலி ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்து வலுக்கிறது. ஓரத்தில் நிற்பவருக்கு ஒரு விளிம்பு அருகில், மறு விளிம்பு தொலைவில். ஒரு விளிம்பிலிருந்து வரும் அலை காற்றைத் தள்ளும் கணத்தில் மற்றொன்று இழுக்கிறது, ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. கூம்பை விறைப்பான வட்டத் தகடாக வைத்துக் கணக்கிட்டால், நேர்கோட்டிலிருந்து 24 பாகை விலகும்போது 4,000 அதிர்வு ஒலி அறவே அற்றுப்போகும். ஐந்து மீட்டர் தொலைவில் இருப்பவர் இரண்டேகால் மீட்டர் நகர்ந்தாலே போதும். உண்மைக் கூம்பு சற்று வளைந்து கொடுப்பதால் கணக்கு அப்படியே பலிக்காது, போக்கு இதுதான்.

நம் காதும் இதில் பங்காளி. காதுக் குழலின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். அந்த நீளமுள்ள குழல் 3,000 அதிர்வை ஒட்டிய ஒலியைத் தானே பெருக்கிக் காட்டும். கிதார் ஸ்பீக்கர்களும் பெரும்பாலும் 2,000 முதல் 5,000 வரையில்தான் ஓங்கி ஒலிக்கும். அதற்கு மேல் சட்டென்று அடங்கிவிடும். காது கூர்மையாக இருக்கும் இடத்தில் ஸ்பீக்கரும் உரக்கப் பேசுகிறது. அதுவும் ஒரே திசையில்.

இதில் முதலில் ஏமாறுபவர் கிதார் வாசிப்பவர். பெட்டி தரையில் இருக்கிறது. கூர்மையான ஒலி அவர் முழங்காலைத் தாண்டி முன்னே போய்விடுகிறது. தன் காதுக்கு மந்தமாகப் படவே அவர் கூர்மையான ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ட்ரெபிள் திருகைக் கூட்டுகிறார். முன்வரிசை தவிக்கிறது. ஆம்ப்ளிஃபயர் செய்யும் ஃபெண்டர் நிறுவனம் சில பெட்டிகளுக்குச் சாய்ப்புக் கால்கள் வைத்தது இதற்காகத்தான்: பெட்டியைப் பின்னே சாய்த்தால் ஒலி வாசிப்பவரின் காதை நோக்கி எழும், அவர் கையும் கட்டுக்குள் வரும்.

ட்ரெபிளைக் குறைத்தால் போதாதா? நேரெதிரே இருப்பவர் பிழைத்துக்கொள்வார். ஓரத்தில் இருப்பவருக்கு மிச்சமிருந்த தெளிவும் போய்விடும். திருகு எல்லாத் திசையிலும் ஒரே அளவில் குறைக்கிறது. குறையோ திசையில் இருக்கிறது.

இதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட எளிய மருந்து ஒன்று என்னை வியக்க வைக்கிறது. உளுந்து வடை வடிவில் வெட்டிய ஒரு ஃபோம் துண்டு! இரண்டு அங்குலக் கனம், நடுவில் மூன்று அங்குல ஓட்டை. அதைக் கூம்பின் மையத்துக்கு நேராக, ஸ்பீக்கருக்கு முன்னால் பொருத்துகிறார்கள். ஃபோமின் நுண்துளைகளில் காற்று உரசி, அதிர்வு வெப்பமாக மாறுகிறது. அலை நீளத்தில் கால் பங்காவது கனம் இருந்தால்தான் இது நன்றாக நடக்கும். இரண்டு அங்குலம் ஏறத்தாழ 1,700 அதிர்வுக்கு மேற்பட்ட ஒலியைப் பிடித்துக்கொள்ளும். 4 மீட்டர் அலையோ ஃபோமைப் பொருட்படுத்தாமல் கடந்துபோகும். அதாவது தாழ்ந்த சுரங்களுக்கு முழுக் கூம்பும் திறந்தே இருக்கிறது. கூர்மையான ஒலிக்கு மட்டும் மூன்று அங்குல வாசல். அத்தனை சிறிய வாசலில் 4,000 அதிர்வு ஒலி தன்னைத்தானே அழித்துக்கொள்ள இடமே இல்லை. அது விரிந்து பரவுகிறது. நேரெதிரே கீச்சு குறையும். ஓரத்துக்கும் நடுவுக்கும் இருந்த வேறுபாடு சுருங்கும்.

ஃபோம் காற்று ஊடுருவும் வகையாக இருக்க வேண்டும்; வாய் வைத்து ஊதினால் மறுபக்கம் மூச்சு வர வேண்டும். தெர்மோகோல் உதவாது. ஃபோமுக்குப் பதிலாக, மையத்துக்கு முன்னால் சிறு தட்டு வைத்துக் கூரொலியைச் சிதறடிப்பவர்களும் உண்டு. பெட்டிக்கு முன் மைக் வைக்கும் மைக்செட்காரர்கள், மையத்திலிருந்து கூம்பின் விளிம்புப் பக்கம் மைக்கை நகர்த்தி ஒலியை மென்மையாக்குவதும் இதே அறிவுதான்.

பொருளைக் கொண்டே ஒலியை வசப்படுத்தும் கலை புதுக்கோட்டைக்கு நன்றாகத் தெரியும். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உயர்த்திய மான்பூண்டியா பிள்ளை வாழ்ந்த ஊர் இது. கஞ்சிரா வாசிப்பவர் தோலின் உட்புறம் சில சொட்டு நீர் தடவுவார். தோல் தளர்ந்து, சுருதி இறங்கி, வறண்ட ஒலி கனிந்துவிடும்.

மின் ஒலிக்கும் அதே பொறுமை வேண்டும். கச்சேரி தொடங்குமுன், கிதார் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே யாராவது ஒருவர் திடலில் இறங்கி, நடுவிலும் இரு ஓரங்களிலும் நின்று கேட்க வேண்டும். தெருவே கூடி வரி கொடுத்து நடத்தும் திருவிழா அது. ஓரத்தில் இடம் கிடைத்த பாட்டிக்கும் நடுவில் உட்கார்ந்த சிறுவனுக்கும் ஒரே பாட்டு கேட்பதுதான் நியாயம். அதற்கு ஆகும் செலவு ஒரு துண்டு ஃபோம்.