லாரியின் இரு குளிர்விப்பான்கள்

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சை விளையும் ஊர்களுள் ஒன்று காமயகவுண்டன்பட்டி. அத்திராட்சை 2023-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்றது. இப்பக்கத்துச் சரக்கு லாரிகள் கூடலூர் கடந்து, குமுளி மலைப்பாதை ஏறிக் கேரளம் செல்கின்றன. பாதி மலையில் லாரி நின்றுவிடின் பழம் காத்திராது. உழவரது உழைப்பும் ஓட்டுநரது பிழைப்பும் ஒருங்கே கெடும். அங்ஙனம் நிற்றற்குரிய காரணங்களுள் ஒன்றை ஈண்டு ஆராய்வாம்.

1897-இல் ஜெர்மனி நாட்டில் ருடால்ப் டீசல் என்பார் வெற்றியுற இயக்கிக் காட்டிய எஞ்சினில், அமுக்கப்பெற்ற காற்றின் வெப்பமே எண்ணெயைப் பற்றவைத்தது. இன்றைய டீசல் எஞ்சினுக்கும் அதுவே அடிப்படை. அப்பெருவெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி, நுரையீரலுக்குத் தீங்கு செய்யும் வாயுக்களாகின்றன. அவற்றைக் குறைத்தற்கு, வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுள் செலுத்துவது ஒரு முறை. நம் நாட்டில் 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் ஆறு விதிகள் நடைமுறைக்கு வந்தபின், பல டீசல் வண்டிகளில் இவ்வமைப்பைக் காணலாம். கொதிக்கும் புகையை அவ்வாறே செலுத்தலாகாது. ஆதலின் அதனை நீர் சூழ்ந்த குழல்களின் வழியே விட்டுத் தணிப்பர். இதுவே இ.ஜி.ஆர். கூலர்.

எஞ்சின் ஆயிலும் சுடுமன்றோ? அதனைத் தணிப்பது ஆயில் கூலர். இரண்டிற்கும் நீர் ஒன்றே. சில எஞ்சின்களில் அந்நீர் முதலில் ஆயில் கூலரைக் கடந்து, பின்னரே புகைக் கூலரை அடைகின்றது. அமெரிக்காவில் 2003 முதல் 2007 வரை போர்டு லாரிகளில் அமைந்த 6 லிட்டர் டீசல் எஞ்சின் இத்தகையது. ஆயில் கூலரின் நுண்ணிய வழிகளில் மண்டி அடைத்துக்கொள்ளப் புகைக் கூலருக்கு நீர் குறைந்தது. அது வெந்து விரிசலுற்றது. வெடித்தது ஒன்று, நோயின் மூலமோ மற்றொன்று. இஃதறியாது புகைக் கூலரை மட்டும் மாற்றினோர் மீண்டும் அதே செலவிற்கு ஆளாயினர்.

இனி அறிகுறிகள். வெளியே ஒழுக்கில்லாமல் ரேடியேட்டர் நீர் குறைவதும், எஞ்சின் சூடேறிய பின்னும் வெண்புகை நீங்காமையும் புகைக் கூலரின் விரிசலைக் காட்டலாம். நீர்த்தொட்டியில் எண்ணெய்ப் படலம் மிதப்பின் ஆயில் கூலரை ஐயுறுக. சமவெளியில் சீராக ஓடுங்கால், ஆயிலின் வெப்பம் நீரின் வெப்பத்தை மிகவும் விஞ்சுமாயின் அடைப்பு உண்டென்பது குறிப்பு. மேற்கூறிய எஞ்சினில் ஏறத்தாழ 8 டிகிரி செல்சியஸ் வேற்றுமையே எச்சரிக்கையாகும்.

வருமுன் காத்தலே சிக்கனம். வழியில் நீர் குறைந்ததெனக் கிணற்று நீரை ஊற்றுவது எளிது; ஆனால் அதன் சுண்ணம் கூலரினுள்ளே படியும். வண்டிக்கு விதித்த கூலன்ட்டை வாலைநீருடன் உரிய அளவிற் கலந்து ஊற்றுதலும், குறித்த காலத்தில் அதனையும் ஆயிலையும் மாற்றுதலும் வேண்டும். சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறத்தல் கூடாது. ஆவி சீறிக் கை முகம் வேகும். புகைக் கூலர் பழுதாயின், ஆயில் கூலரையும் சோதித்து, நீர்வழி முழுவதையும் கழுவிய பின்னரே புதியது பூட்டுக.

சிலர் தொல்லை தீர்ந்ததெனப் புகைவழியைத் தகடிட்டு அடைத்துவிடுகின்றனர். அது விதிக்கு மாறு. அதனால் பிழைத்த பணத்திற்கு ஈடாக, மலையடிவாரத்தில் வாழ்வோர் நச்சுக்காற்றை உண்ண நேரும். பழுதின் மூலத்தைத் தேடிக் களையும் ஒர்க்‌ஷாப் மெக்கானிக்கே லாரிக்கும் ஊருக்கும் நன்மை செய்பவராவர்.