ஐயமும் ஓர் உரைகல்

ஹற்றன் பகுதியிலுள்ள தேயிலைத் தொழிற்சாலையொன்றில், தேநீர்ச் சுவைஞர் தம் பணியைச் செய்வதை நான் பலமுறை நின்று பார்த்திருக்கின்றேன். அதே மலை, அதே கொழுந்து, அதே இயந்திரம். ஆயினும், நேற்றையது நன்றாயிருந்ததென்று இன்றையதை அவர் சுவைக்காமல் விடுவதில்லை. ஒவ்வொரு கோப்பையையும் உறிஞ்சி உமிழ்ந்த பின்னரே தீர்ப்புரைப்பார்.

அண்மையில் வகுப்பில் மாணவன் ஒருவன் வினவினான்: "ஐயா, கல்பாக்கத்துப் பரிசோதனை ஈனுலை 1985இல் இயங்கத் தொடங்கியது. அதற்குரிய 40 மெகாவாற்று வெப்ப வலுவை 2022இல்தானே எட்டியது? இது தோல்வியன்றோ?"

வினா நேர்மையானது. 1987இல் எரிபொருளைக் கையாளுகையில் நேர்ந்த விபத்தொன்று ஏறத்தாழ ஈராண்டுகளை விழுங்கிற்று. அதனை நிதானம் என்று புகழ்தல் தகாது. எனினும், தாமதம் முழுவதும் பழுதன்று. புளூட்டோனியமும் யுரேனியமும் கலந்த காபைட்டு எரிபொருள், வேறெங்கும் ஓர் உலை முழுவதற்கும் பயன்பட்டதில்லை. ஆதலின், தொன்னுக்கு 25,000 மெகாவாற்று நாள் என முதலில் எல்லை வகுத்தனர். எரிந்த கோல்களைத் தடித்த கவசச் சுவர்களுக்குப் பின்னே வெட்டிச் சோதித்து, 50,000, 100,000 எனப் படிப்படியாக உயர்த்தினர். முடிவில் 165,000ஐ எட்டினர்.

இத்துணை ஐயம் எதற்கு? ஸ்கொத்லாந்தின் டவுன்ரே ஈனுலையில் இருந்த எஃகினை ஆராய்ந்தோர், 1967இல் அதனுள்ளே நுண்ணிய வெற்றிடங்களைக் கண்டனர். வேக நியூத்திரன்கள் அணுக்களை இடம்பெயர்த்ததால் உறுதியான எஃகே வீங்கியிருந்தது. இழுத்தும் காய்ச்சியும் பார்க்கும் பட்டறைச் சோதனைகள் இதனை முன்னறிவிக்கவில்லை. உலைக்குள் கழியும் ஆண்டுகளுக்கு ஈடாக வேறொரு சோதனை எளிதிற் கிட்டுவதில்லை.

ஆயினும் ஐயம் இங்கு முடிந்துவிடாது. அதே கல்பாக்கத்தில் எழுந்த 500 மெகாவாற்று முன்மாதிரி ஈனுலைக்குரிய எரிபொருள் காபைட்டன்று, ஒட்சைட்டு. அவ்வகை எரிபொருட் கற்றையொன்றைச் சிறிய உலையில் 112,000 மெகாவாற்று நாள் வரை எரித்துப் பார்த்துள்ளனர். அது நற்சான்றே, எனினும், ஒரு கற்றை ஓர் உலையாகாது. காற்றுப் பட்டால் எரிந்து, நீர் பட்டால் வெடிக்கவல்ல சோடியமே இரண்டிலும் வெப்பத்தை ஏந்திச் செல்வது. 2002இல் சிறிய உலையில் ஏறக்குறைய 75 கிலோகிராம் சோடியம் கசிந்தது. அக்கரையில் மீனவர் குடியிருப்புகள் உள்ளன என்பதை நாம் மறத்தலாகாது.

மாணவனுக்கு நான் கூறிய விடை இதுவே: "தம்பி, பையச் சென்றதற்காக அவர்களைப் பழியாதே. ஆனால், சிறிய உலை தேறிற்று என்பதற்காகப் பெரிய உலையையும் தேறியதாகக் கொள்ளாதே. நம் தொழிற்சாலைச் சுவைஞரைப் பார். நேற்றைய கோப்பைக்கு அவர் அளித்த தீர்ப்பு நேற்றைய கோப்பைக்கு மட்டுமே உரியது."